பெருந்தரத்து அதிகாரியைப் படைப்பது: சரித்திரக் கதை எழுதத் தொடங்குவோருக்கு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராஜராஜனின் அக்கா குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிக்கிறது. வந்தியத்தேவரைப் பற்றிக் கல்வெட்டுகள் தருவது இப்படிச் சில வரிகள்தான். அவர் எங்கே தூது போனார், எந்தக் கோட்டையிலிருந்து எப்படித் தப்பினார் என்று தமிழ் வாசகர்கள் மனத்தில் வைத்திருப்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. சரித்திரக் கதை எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் படைக்க ஆசைப்படுவதும் இதே வகை மனிதரைத்தான்: பெருங்குடியில் பிறந்தவர், போரில் அரசருக்கு யோசனை சொல்பவர், பகைவர் அவைக்குத் தூது போகிறவர்.

மூன்றையும் ஒரே ஆளிடம் சேர்ப்பது சோழர் காலத்துக்கு நன்றாகவே பொருந்தும். அன்றைய அரசில் படை வேலை, வரி வேலை, கோயில் வேலை என்று சுவர் எழுப்பிப் பிரித்திருக்கவில்லை. இராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன் ஆன மும்முடிச்சோழ பிரமமாராயன்தான் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையையும் எடுப்பித்தார். ஆகவே உங்கள் பாத்திரத்துக்குப் பல வேலைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவருக்கு எத்தனை சாமர்த்தியம் கொடுத்தாலும், தூரத்தையும் நெல்லையும் பருவத்தையும் அவர் மீறும்படி விடாதீர்கள். இவை மூன்றும் இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் அவர் எடுக்கும் முடிவுகள்தான் அவரை ஆளாக நிறுத்தும்.

முதலில் ஆண்டுக் கணக்கு

பெயருக்கு முன்னால் பிறந்த ஆண்டைத் தீர்மானியுங்கள். நம் ஆள் 990-ல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1010-ல் பெரிய கோயில் விமானத்துக்கு இராஜராஜன் செப்புக்குடம் அளித்தபோது வயது 20. 1012-ல் இராஜேந்திரன் இளவரசுப் பட்டம் ஏற்கும்போது 22. 1014-ல் இராஜராஜன் மறைவு, வயது 24. கங்கைப் படையெடுப்பு 1022 வாக்கில், வயது 32. கடாரத்துக் கடற்படை 1025-ல், வயது 35. 1044-ல் இராஜேந்திரன் இறக்கும்போது 54. 1054-ல் சாளுக்கியரோடு கொப்பத்துப் போர், வயது 64. ஒரே ஆயுளுக்குள் சோழப் பேரரசின் உச்சம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பிறந்த ஆண்டைப் பத்தாண்டு முன்னே தள்ளினால் கொப்பத்துக்கு அவர் 74 வயதுக் கிழவராகப் போக வேண்டும். பின்னே தள்ளினால் 1012-ல் இன்னும் சிறுவன். இந்த ஒரு தாளைச் செய்யாமல் எழுதத் தொடங்கியவர்கள் பாதிக் கதையில் அத்தியாயங்களைக் கிழித்துப் போட வேண்டிவரும்.

இந்தக் காலத்தில் அடிக்கடி கால் இடறும் இடங்கள் சில உண்டு. ஒன்று, இரட்டை ஆட்சி. 1012 முதல் 1014 வரை தந்தை, மகன் இருவர் பெயரிலும் ஆட்சியாண்டு ஓடுகிறது. 1018-ல் இராஜேந்திரன் தன் மகன் இராஜாதிராஜனுக்கு முடிசூட்டிவிட்டதால், அதன்பின் 26 ஆண்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு முடி. உங்கள் பாத்திரம் யாருடைய ஆள் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பங்காளிச் சதி எதையும் புதிதாகக் கட்ட வேண்டிய தேவை இருக்காது. இன்னொன்று, தலைநகர். கங்கைகொண்டசோழபுரம் வட நாட்டு வெற்றிக்குப் பிறகு எழுந்த நகரம். 1015-ல் நடக்கும் அவைக் காட்சியைத் தஞ்சையிலோ பழையாறையிலோதான் வைக்க முடியும். எதிரிக்கும் இது பொருந்தும். மேலைச் சாளுக்கியர் கல்யாணிக்குப் பெயர்ந்தது முதலாம் சோமேசுவரன் காலத்தில், 1042-க்குப் பிறகு. அதற்கு முன் தூது போகிறவர் மானியகேடத்துக்குப் போக வேண்டும்.

ஓலையில் ‘கி.பி. 1023’ வராது. ‘கோப்பரகேசரிவர்மரான ஸ்ரீராஜேந்திரசோழ தேவர்க்கு யாண்டு 11 ஆவது’ என்ற மாதிரி வரும். இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் அரசர்களிடையே மாறி மாறி வருபவை: இராஜராஜன் இராஜகேசரி, இராஜேந்திரன் பரகேசரி, இராஜாதிராஜன் மறுபடி இராஜகேசரி. இதை மாற்றி எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

பெயர், நிலம், பதவி

பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், செய்தவர் பெயரைப் பாருங்கள்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். அவருக்கு உரிமையான நாடு, தந்தை பெயர் ஆதித்தன், சொந்தப் பெயர் சூரியன், ‘ஆன’ என்ற இணைப்பு, கடைசியில் அரசர் கொடுத்த பட்டம். உங்கள் பாத்திரத்துக்கும் இதே வரிசையில் பெயரைக் கட்டுங்கள். வீட்டில் சொந்தப் பெயரும், அவையில் பட்டமும், எதிரி வாயில் ஊர்ப்பெயரும் வரட்டும். யார் எதைச் சொல்லி அழைக்கிறார்கள் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும்.

பட்டத்தின் கடைசிப் பகுதி குடியைக் காட்டுகிறது. மூவேந்தவேளான் என்றால் பெரும்பாலும் நிலமுள்ள வேளாளர் குடி. பிரமராயர், பிரமமாராயர் என்றால் அந்தணர். பல்லவரையர், விழுப்பரையர் போன்றவையும் உயர் அதிகாரிகளுக்கு உரியவை. கொடும்பாளூர் இருக்குவேளிர், பழுவூர்ப் பழுவேட்டரையர் போன்ற பழைய குறுநிலத் தலைவர் குடிகள் 10-ஆம் நூற்றாண்டில் ஓங்கி நின்றவை. இராஜராஜனுக்குப் பின் அவர்கள் குரல் கல்வெட்டுகளில் மெலிகிறது. எனவே 990-ல் அப்படியொரு குடியில் பிறந்த பையன், தாத்தா தன் நாட்டைத் தானே ஆண்ட கதையைக் கேட்டு வளர்ந்து, அரசரின் சம்பளத்தில் வேலை பார்க்கிறவன். எங்களுக்குப் பிடித்த தொடக்கம் இது. அவன் மனத்தில் நன்றியும் மனக்கசப்பும் ஒன்றாகக் கிடக்கும். பின்னால் எதிரி அவை அவனிடம் ஆசை காட்டும்போது அது தானாக வேலை செய்யும்.

பதவியில் பெருந்தரம், சிறுதரம் என்று இரண்டு படிகள் உண்டு. சிறுதரத்தில் தொடங்கிப் பெருந்தரத்துக்கு ஏறுவது நல்ல வாழ்க்கைக் கோடு. சம்பளம் காசாக வராது, நிலமாக வரும். அதற்கு ஜீவிதம் என்று பெயர். அளவு வேண்டுமானால் தஞ்சைக் கல்வெட்டையே முழக்கோலாக வைத்துக்கொள்ளலாம்: அங்கே கோயிலில் ஆடிப் பாடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெருந்தரத்து அதிகாரி அதைவிடப் பல மடங்கு பெறுவார் என்று வைத்து எழுதினால் பிழை வராது. பொன்னைச் சொல்லும்போது கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி.

அரசரின் கட்டளை எப்படி நகர்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரசர் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. அதைக் கேட்டு எழுதுகிறவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்த்து ஒப்பமிடுபவர் திருமந்திர ஓலைநாயகம். நிலம், வரி சம்பந்தப்பட்டதென்றால் புரவுவரித் திணைக்களத்தார் கையில் போய் வரிப்பொத்தகத்தில் ஏறும். பிறகு அந்தப் பகுதிச் சபையாரான நாட்டாருக்குத் திருமுகம், அதாவது அரசரின் ஓலை, போகும். அவர்கள் பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை செய்து கொடுப்பார்கள். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டில் இதையெல்லாம் படிப்படியாகப் படிக்கலாம். கொடுத்தவர் இராஜராஜன், செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் மகன் இராஜேந்திரன்.

இதில் எழுத்தாளருக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. இத்தனை கை மாறும் கட்டளை இரகசியமாக இருக்க முடியாது. இரகசியம் வேண்டுமென்றால் ஓலையே இல்லாமல் வாய்ச்சொல்லாகப் போக வேண்டும். அப்போது பெற்றவர் கையில் சான்று இருக்காது. ‘அரசர் அப்படிச் சொல்லவேயில்லை’ என்று யாராவது சொன்னால் நம் ஆள் மாட்டிக்கொண்டார்.

படை யோசனை என்பது பெரும்பகுதி நெல் கணக்கு

தொடக்க எழுத்தாளர்கள் படைத்துணைவரை, அதாவது போரில் யோசனை சொல்பவரை, வரைபடத்தின் முன் நிறுத்தி வியூகம் பேச விடுவார்கள். போர்க்களத்தில் வியூகம் ஒரு நாள் வேலை. அந்த நாள் வருவதற்கு முன் இரண்டு மாதம் படை சாப்பிட்டாக வேண்டும்.

ஒரு வீரனுக்கு நாளொன்றுக்கு 2 நாழி அரிசி என்று நாமே ஒரு அளவை வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு 2,000 நாழி. கல்வெட்டுகளில் ‘ஐஞ்சிரண்டு வண்ணம்’ என்றொரு கணக்கு வரும்: ஐந்து பங்கு நெல் குத்தினால் இரண்டு பங்கு அரிசி. அப்படியானால் நாளுக்கு 5,000 நாழி நெல். ஒரு மரக்காலுக்கு 8 நாழி, ஒரு கலத்துக்கு 12 மரக்கால், ஆக ஒரு கலம் 96 நாழி. 5,000-ஐ 96-ஆல் வகுத்தால் 52 கலம். முப்பது நாளைக்கு ஏறக்குறைய 1,560 கலம். தஞ்சைக் கல்வெட்டுகளில் நல்ல நிலத்துக்கு வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) சுமார் 100 கலம் காணிக்கடன், அதாவது நிலவரி, வருகிறது. ஆயிரம் பேரை ஒரு மாதம் நடத்த ஏறக்குறைய 16 வேலி நிலத்தின் ஓராண்டு வரி. பத்தாயிரம் பேர் இரண்டு மாதம் என்றால் 310 வேலிக்கு மேல். யானைக்கும் குதிரைக்கும் தீனி தனி.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால் பல காட்சிகள் தாமாக வரும். எந்த நாட்டார் நெல் தருவார்கள், யார் பதுக்குவார்கள், அறுவடைக்கு முன்பா பின்பா, குத்திய அரிசியாகத் தூக்குவதா நெல்லாகவா (நெல் கெடாது, ஆனால் அடைக்கும் இடம் இரண்டரை மடங்கு), எதிரி நாட்டுக்குள் போனதும் கொள்ளையிட்டுச் சாப்பிடுவதா. கடைசிக் கேள்விக்கு நம் ஆள் என்ன பதில் சொல்கிறார் என்பதில் அவருடைய குணம் முழுவதும் வெளிப்படும்.

எண்ணிக்கையைப் பெருக்கி எழுதும் ஆசைக்கும் இதுவே கடிவாளம். 1007-ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழர் 9 லட்சம் பேரோடு வந்து நாட்டை அழித்ததாகச் சொல்கிறது. மேற்சொன்ன கணக்கில் அவ்வளவு பேருக்கு ஒரு நாள் சோற்றுக்கு 46,000 கலத்துக்கு மேல் நெல் வேண்டும், அதாவது 460 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் ஆண்டு வரி. அடிபட்டவர்களின் வேதனையும் கோபமும் பேசும் எண் அது. உங்கள் பாத்திரம் பேசும் எண்ணாக அது இருக்கக் கூடாது.

படைப்பிரிவுகளுக்குப் பெயர் கல்வெட்டுகளிலேயே கிடைக்கும். தெரிந்த (தேர்ந்தெடுத்த) கைக்கோளர், வில்லிகள், குதிரைச் சேவகர், யானைப்படைக் குஞ்சிரமல்லர், அரசருக்காக உயிர் கொடுக்கச் சூளுரைத்த வேளைக்காரர். ‘ஆயிரம் வீரர்கள்’ என்று மொட்டையாக எழுதுவதைவிட எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள். வேளைக்காரரிடம் பின்வாங்கச் சொல்வதும் வில்லிகளிடம் சொல்வதும் ஒன்றல்ல.

பருவமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிப் படுகையில் வண்டி நகராது. கிளம்புவதற்குத் தை நல்ல மாதம். மழைக்குள் சிக்கிக்கொண்டால் பாசறையிலேயே கிடக்க வேண்டியதுதான். சங்கப் பாடல்கள் இதற்குக் கூதிர்ப் பாசறை என்றே பெயர் வைத்திருக்கின்றன.

‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்’ தூக்கிப் பார் என்று குறள் சொல்கிறது. படைத்துணைவர் வாய் திறக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் இந்த நான்கையும் நீங்கள் தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்றைச் சரியாகக் கணித்து ஒன்றில் தவறட்டும். பெரும்பாலும் தவறுவது துணைவலியில்.

அரசர் கேட்க விரும்பாத யோசனை ஒன்றும் அவர் கையில் இருக்க வேண்டும். வரலாறு அதற்கு அருமையான இடம் தந்திருக்கிறது. 949-ல் தக்கோலத்தில் இளவரசர் இராஜாதித்தர் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டார், படை சிதறியது. 105 ஆண்டு கழித்துக் கொப்பத்தில் இராஜாதிராஜனுக்கும் அதே முடிவு. இருவரையும் கல்வெட்டுகள் ‘ஆனைமேல் துஞ்சின’ என்றே அழைக்கின்றன. யானை மேல் இருந்தால்தான் படை அரசரைப் பார்த்துத் தெம்பு பெறும். யானை மேல் இருப்பதால்தான் எதிரி வில்லாளிகளும் அவரைப் பார்க்கிறார்கள். 64 வயது நம் ஆள், தக்கோலத்தைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர், கொப்பத்துக் காலையில் அரசரிடம் என்ன சொல்லியிருப்பார்? கொப்பத்தில் படை ஓடாமல் நின்றதற்குக் காரணம், தம்பி இரண்டாம் இராஜேந்திரன் உடனே முன்னேறிப் போரை வென்று களத்திலேயே முடிசூடியது. அண்ணனுக்கு ஏதாவது ஆனால் தம்பி எங்கே நிற்க வேண்டும் என்று முன்னிரவே ஒருவர் யோசித்து வைத்திருந்தார் என்று நீங்கள் கற்பனை செய்ய அங்கே இடம் இருக்கிறது.

தூது

குறளில் தூதுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு, 69-ஆவது. அதற்கு உரை எழுதும் பரிமேலழகர் தூதரைத் தரம் பிரிக்கிறார். நிலைமை பார்த்துத் தானே வகுத்துச் சொல்பவர் தலை. சொன்னதை அப்படியே சொல்பவர் இடை. ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவர் கடை. உங்கள் பாத்திரம் மூன்றில் எது என்பதை ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே முடிவு செய்யுங்கள். இருபத்தைந்து வயதில் ஓலை தூக்கியாகப் போகட்டும். முப்பத்தைந்தில் சொன்னதைச் சொல்லட்டும். ஐம்பதில்தான் ‘நீயே பார்த்துப் பேசு’ என்ற அதிகாரம் வரும். தொடக்கத்திலேயே தலைத்தூதராக்கிவிட்டால் அவர் வளர இடமில்லை.

அதிகாரம் ஏன் முக்கியம் என்பதற்கு மறுபடி தூரம்தான் காரணம். கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து கல்யாணி நேர்க்கோட்டிலேயே 750 கிலோமீட்டருக்குக் குறையாது. வழியின் வளைவுகளோடு 900 என்று கொண்டு, பரிவாரத்தோடு நாளுக்கு 30 கிலோமீட்டர் போனால் ஒரு மாதம். ஒரு கேள்வி கேட்டு அனுப்பிப் பதில் பெற இரண்டு மாதம். எனவே கிளம்பும் முன்பே மூன்று வரம்புகள் பேசி முடிந்திருக்க வேண்டும்: எதைக் கேட்பது, எதுவரை இறங்குவது, எந்தச் சொல்லைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவது. கதையில் இரண்டாவது வரம்புக்கு ஒரு விரற்கடை கீழே எதிரியின் கடைசிப் பேச்சு வந்து நிற்கட்டும். ஏற்றுக்கொண்டால் அரசர் கட்டளையை மீறினவர் ஆவார். மறுத்தால் போர். கேட்டு அனுப்ப நேரமில்லை.

கடல் என்றால் காற்று முடிவு செய்யும். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே போக மேல்காற்று, திரும்ப வாடை. பருவம் தப்பினால் கடாரத்துத் துறையிலேயே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இராஜராஜன் காலத்தில் கிளம்பிய சீனத் தூது 52 பேரோடு 1015-ல்தான் சோங் அரசவையை அடைந்தது. பயணம் 1,150 நாள் என்று சீனக் குறிப்பு சொல்கிறது. அவர்கள் அனுப்பிய அரசர் பெயரைச் சொல்லி முத்துகளைப் படைத்தபோது, அந்த அரசர் உயிரோடு இல்லை. இதைவிடக் கனமான தூதுக் காட்சியைக் கற்பனையால் உண்டாக்குவது கடினம்.

தூதரைத் தொடக் கூடாது என்பது பொது அறம். அது மீறப்பட்ட இடங்களில்தான் கதை சூடுபிடிக்கும். தூதருக்கு நேர்ந்த அவமதிப்புக்காக இராஜராஜன் பதினெட்டுச் சுரங்களை (காட்டு வழிகளை) கடந்து மலைநாட்டைக் கொண்டான் என்று ஒட்டக்கூத்தரின் உலா பேசுகிறது. சோழர் கை மட்டும் சுத்தமா என்றால் இல்லை. இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டுப் புகழுரை), சாளுக்கியன் அனுப்பிய ஆட்களில் ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்து, இன்னொருவனுக்குப் பெண்ணுடை உடுத்தித் திருப்பி அனுப்பியதைப் பெருமையாகவே சொல்கிறது. வாழ்நாளெல்லாம் தூது போனவர் அந்த அவையில் நிற்கிறார் என்று வையுங்கள். அடுத்த முறை எதிரி வாசலில் நிற்கப்போவது தன் தலை என்று அவருக்குத் தெரியும். அவர் சிரிக்கிறாரா, பேசாமல் இருக்கிறாரா, எழுந்து பேசுகிறாரா?

தூதரை ஒற்றராக நினைப்பது இன்னோர் ஆபத்து. உறையூருக்குள் வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் என்று கொல்லப் போனபோது கோவூர் கிழார் பாடி மீட்டது புறநானூற்றின் 47-ஆம் பாட்டு. அதற்கு இரண்டு பாட்டு முன்னால், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதும்போது அதே புலவர் சொல்வது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று. ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும் அதே நூலில், 95-ஆம் பாட்டு: உன் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூடிப் பளபளக்கின்றன, அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் எச்சரிக்கும் இந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். உங்கள் தூதர் அவையில் பேசும் வசனத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மணவினையும் தூதின் பகுதி. இராஜராஜனின் மகள் குந்தவை வேங்கி நாட்டு அரசன் விமலாதித்தனை மணந்தார். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரன், இராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியை மணந்தான். அந்த இருவரின் மகன்தான் 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். பெண் கொடுத்த வீட்டின் பேரன் பெண்ணெடுத்த நாட்டையும் சேர்த்து ஆண்டான். வேங்கிப் பேச்சுவார்த்தை எதையும் எழுதும்போது, பேச உட்காருகிறவர்கள் பாதிப் பேர் உறவினர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சொற்களில் தடுமாறும் இடம்

11-ஆம் நூற்றாண்டு அவையில் ஜன்னல், மேசை, சாவி, அலமாரி கூடாது. நான்கும் போர்த்துகீசியர் வழியாக வந்த சொற்கள். சாளரம், திறவுகோல் இருக்கின்றன. மேசைக்கு மாற்றுச் சொல் தேடாமல் மேசையையே எடுத்துவிடுங்கள். திவான், ராஜினாமா, சிபாரிசு, சிப்பாய் எல்லாம் பாரசீக வழி வந்தவை. தளவாயும் பாளையக்காரரும் பிற்காலத்தவர்கள். பாசறைக் குழம்பில் மிளகு போடலாம், மிளகாய் கூடாது.

கடைசி அத்தியாயம்

இப்படிப்பட்டவர் போரில் இறந்தால் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடுவார்கள். படுக்கையில் இறப்பவராக வைத்தால், தன் ஊர்க் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்துவிட்டுப் போகட்டும். அன்றைய வழக்கப்படி ஒரு விளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ 96. ஆட்டை ஏற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்லில் ஊர், தந்தை பெயர், தன் பெயர், பட்டம், ஆடு எத்தனை, நெய் எவ்வளவு, சந்திராதித்தவற் (சந்திர சூரியர் உள்ளவரை). தூது போனதும் படை நடத்தியதும் அதில் இருக்காது. நீங்கள் முந்நூறு பக்கம் எழுதியது அந்தக் கல்லில் இல்லாத பகுதியை.